அடிக்கோட்டுக்குத் தனிக் காசு இல்லை

பக்கத்துக்கு மூன்று வெள்ளி.
அடிக்கோட்டுக்குத் தனிக் காசு இல்லை.
இப்படி எழுதி ஒட்டியது என் தப்பு.

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
சீன மருந்துக்கடையை ஒட்டி என் கடை:
போட்டோஸ்டாட், லேமினேட், தமிழ் மலாய் தட்டச்சு.
திருவிழா நோட்டீஸ் கொண்டுவருகிறவர்கள்
உபயகாரர் பெயருக்கெல்லாம் கோடு கேட்பார்கள்,
ஐம்பது வெள்ளிக்கு ஒன்று, நூறுக்கு இரண்டு.
சாமி பெயருக்குக் கீழே மட்டும்
ஒன்றும் இருக்காது.

செம்பாக்கா தோட்டத்து ஆரோக்கியநாதன்
செவ்வாய்க்கிழமை வந்தார். லோரி ஓட்டுகிறவர்.
மழையில் ஊறிய பள்ளிக்கூட நோட்டில்
ஏழு பக்கம் மனு.
எல்லா வரிக்கும் கீழே கோடு.
'தண்ணீர்' வருகிற இடத்தில்
பேனா தாளைக் கிழித்துக்கொண்டு இறங்கி
அடுத்த பக்கத்து 'தாழ்மையுடன்' மேல்
குறுக்கே விழுந்திருந்தது,
அடித்துவிட்ட மாதிரி.

எல்லாவற்றுக்கும் போட்டால்
எதற்குமே போடாத மாதிரிதான் அண்ணே, என்றேன்.
எல்லாமே முக்கியம்தானே, என்றார்.
கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம்.

தமிழுக்கு அடிக்கோடு சரிப்படாது.
மலாய்ச் சொற்கள் தண்டவாளத்தில் பெட்டிபோல் நிற்கும்.
நம் எழுத்துக்குப் பாதி உடம்பு
கோட்டுக்குக் கீழேதான் குடியிருக்கிறது.
'புகார்' என்று தட்டித் தடித்த கோடு இழுத்தால்
'பு'வின் காலைக் கோடு தின்றுவிடும்.
மிச்சம் நிற்பது 'பகார்'.
கிட்டத்தட்ட எங்கள் ஊர்.

நிர்வாகத்துக் கடிதத்தையும் காட்டினார்.
மலாயில், ஒரே பக்கம்,
ஒரே ஒரு கோடு:
டிசம்பர் முப்பத்தொன்றுக்குக் கீழே.
அளந்து போட்டது. முன்னாலும் நீளவில்லை,
பின்னாலும் நீளவில்லை.
இருபத்துமூன்று வீட்டுக்காரர்களில்
மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்கும்
புரிந்துவிட்டதாம்.

(ரப்பர் மரத்தில் சீவிய கோடு என்று
இந்த இடத்தில் நான் எழுத வேண்டும்.
செம்பனை வந்து நாற்பது வருடம்.
அவரும் மரம் சீவியதில்லை, நானும் சீவியதில்லை.)

ஒவ்வொரு கோடாக எடுத்தோம்.
சாலை விளக்கை விட்டுக்கொடுத்தார்.
கிளினிக்கை விட்டுக்கொடுத்தார்.
பாலர் பள்ளிக்கு மட்டும்
எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து
சரி, எடு, என்றார்.
கடைசியில் ஒரு வரி மிஞ்சியது:
நாங்கள் போகமாட்டோம் என்று சொல்லவில்லை.

'நாங்கள்' கீழே கோட்டை வைத்துப் படித்துக் காட்டினேன்.
அப்படியென்றால் வேறு யாரோ சொன்னார்கள், என்று சிரித்தார்.
'போகமாட்டோம்' கீழே வைத்தேன்.
அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது.
'சொல்லவில்லை' கீழே வைத்தேன்.
சிரிப்பு நின்றது.
இன்னும் சொல்லவில்லை என்று
கேட்டது எனக்கும்.

கம்போங் போகிற கடைசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
கோடே வேண்டாம் தங்கச்சி, என்றார்.
படிக்கிறவன் எங்கே வேண்டுமோ
அங்கே போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் கையெழுத்துக்கு
இருபத்துமூன்று கோடு தட்டிக் கொடுத்தேன்,
மேலே ஒரு சொல்லும் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை பிரதி எடுக்க வந்தது.
பவளக்கொடியின் கைநாட்டு பாதி கோட்டின்மேல், பாதி கீழே.
யாரோ ஒருவர் பெயர் நீளமாகி
பக்கத்து வீட்டுக்காரர் இடத்துக்குள் போயிருந்தது.
பதினாலாவது கோட்டில் பெயர் இல்லை.
கோட்டை மட்டும் பேனாவால்
மறுபடி மறுபடி
அழுத்தி இழுத்திருந்தார்கள்.

ஐந்து பிரதி எடுத்தேன்.
எல்லாவற்றிலும் அது
கறுப்பாக விழுந்தது.